நூலகருக்கு எத்தனை மணித்தியாலம்?

இதை வாசிக்கிற உங்களில் கொஞ்சப் பேராவது இன்னும் சில வருடங்களில் ஓர் ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் கை வைப்பீர்கள். பெரும்பாலும் அது உங்கள் பெயரில் போகாது. பேராசிரியரின் பெயரில் போகும். ஆனால் எழுதுவதிலும், கூட்டிக் கழிப்பதிலும், கடைசி இரவில் பக்க எல்லைக்குள் எல்லாவற்றையும் அடக்குவதிலும் பாதி வேலை உங்கள் தலையில்தான் விழும். என் அப்பாவுக்கு இந்த விண்ணப்பம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. கடைசியில் அவர், "அப்ப, பாங்கில கடன் கேக்கிற மாதிரி. ஆனா திருப்பிக் கட்டத் தேவையில்லை" என்றார். கிட்டத்தட்டச் சரி. பணத்தைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தப் பணத்தால் உண்டானதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பகுதியைப் பற்றியது.

விண்ணப்பத்தில் ஆராய்ச்சிக் கேள்வி வரும், ஏன் அது முக்கியம் என்று வரும், யார் யார் வேலை செய்வார்கள், எவ்வளவு செலவு என்று வரும். நூலகம் எங்கே வரும்? நான் பார்த்த பல விண்ணப்பங்களில் கடைசிப் பக்கத்தில், ஒரேயொரு வசனத்தில் வரும். "சேகரிக்கப்படும் தரவுகள் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படும்." எங்கள் விண்ணப்பத்தின் முதல் வரைவிலும் அதே வசனம் இருந்தது. பேராசிரியரின் பழைய விண்ணப்பம் ஒன்றிலிருந்து பரம்பரைச் சொத்துப்போல வந்து சேர்ந்த வசனம் அது. நூலகத்தில் யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எங்கள் திட்டம் கசெற்றுகளைப் பற்றியது. பாட்டுக் கசெற் அல்ல, கடிதக் கசெற். உங்கள் வீட்டு நிலவறையிலும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் இருக்கக்கூடும், போய்ப் பாருங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ரெலிபோன் எடுப்பது பெரிய செலவு. பல ஊர்களில் எடுக்கவே வழியில்லை. கடிதம் எழுதலாம், ஆனால் எழுத்து வராத பாட்டிமார் இருந்தார்கள். எழுத்து வந்தாலும் எழுத்தில் சொல்ல மனம் வராதவர்கள் இருந்தார்கள். அதனால் ஒரு வெற்றுக் கசெற்றைப் போட்டு, வீட்டில் உள்ள எல்லோரையும் வரிசையாக இருத்திப் பேச வைத்து, யாராவது கனடாவுக்கோ ஜேர்மனிக்கோ வரும்போது கொடுத்துவிடுவார்கள். பின்னணியில் சேவல் கூவும். சைக்கிள் மணி கேட்கும். யாரோ ஒரு சித்தி, "கதையடா, கதையடா, சுத்துது" என்று அவசரப்படுத்துவா. கசெற் சுத்துகிறதாம். ஊரை ஒருநாளும் பார்க்காத எனக்கு ஊர் என்றால் இன்றைக்கும் அந்தச் சத்தம்தான்.

பிலிப்ஸ் நிறுவனம் இந்தச் சிறிய கசெற்றை அறிமுகப்படுத்தியது 1963ல். அது பேச்சைப் பதிவதற்கென்று வந்த மலிவுப் பொருள். அறுபது வருடம் தாங்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. காந்தத் தூள் உதிரும், நாடா ஒட்டும், அழுத்தித் தரும் சிறு பஞ்சு கழன்று விழும். கசெற் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டுகிற நல்ல கருவி கிடைப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. பேசியவர்களில் பலர் இப்போது இல்லை. சில குடும்பங்களில் ஒருவரின் குரல் இருக்கிற ஒரே இடம் அந்த நாடாதான்.

பேராசிரியர் நாற்பது குடும்பங்களிடம் பேசி 180 கசெற்றுகள் வரை கிடைக்கும் என்று கணக்கிட்டிருந்தார். அவற்றை எண்ணிம வடிவத்துக்கு மாற்றி, கேட்டு, குடிபெயர்ந்த குடும்பங்கள் எப்படித் தொடர்பைக் காத்தன என்று ஆராய்வது நோக்கம். நான் முதுகலை மாணவி, ஆராய்ச்சி உதவியாளர். விண்ணப்பம் அனுப்ப ஏழு வாரம் இருக்கும்போது, அந்தப் பரம்பரை வசனத்தை உறுதிப்படுத்திக்கொண்டு வா என்று என்னை நூலகத்துக்கு அனுப்பினார். ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் அனுப்பினார்.

நூலகர் இரண்டு மணித்தியாலம் என்னை இருத்தி வைத்தார்.

அவர் தமிழர் இல்லை. கசெற் என்றதும் கண்கள் விரிந்தன. ஒரு வெற்றுத் தாளை எடுத்தார். எல்லாம் 90 நிமிடக் கசெற் என்று வைத்துக்கொள்வோம் என்றார். 180 கசெற் என்றால் 270 மணித்தியால ஒலி. கசெற்றை வேகமாக ஓட்டி மாற்ற முடியாது. நல்ல தரத்தில் வேண்டுமென்றால் 90 நிமிடக் கசெற் 90 நிமிடம் ஓடத்தான் வேண்டும். அதற்கு முன் துடைக்க வேண்டும், பஞ்சு மாற்ற வேண்டும், சிலவற்றைக் கழற்றிப் புது உறைக்குள் போட வேண்டும். பிறகு பெயரிட வேண்டும், சரிபார்க்க வேண்டும். ஒரு மணித்தியால ஒலிக்குக் குறைந்தது இரண்டு மணித்தியால வேலை என்று அவர் கணித்தார். ஆக 540 மணித்தியாலம். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் ஒருவர் வேலை செய்தால் ஒரு வருடத்துக்கும் மேல்.

அடுத்தது இடம். காப்பகத் தரத்தில், அதாவது சுருக்காத வேவ் கோப்பாக, வினாடிக்கு 96,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 24 பிட் என்று எடுத்தால் ஒரு 90 நிமிடக் கசெற் சுமார் 3 ஜிகாபைட். 180 கசெற்றுக்கும் 560 ஜிகாபைட் அளவில் வரும். ஒரு பிரதி போதாது; வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகளாவது வேண்டும். ஏறத்தாழ 1.7 டெராபைட். இன்றைய விலைக்கு அது பெரிய தொகை இல்லை, கடையில் ஒரு வன்தட்டு வாங்கலாம். "ஆனால் பத்து வருடம் கழித்து அந்தக் கோப்பு இன்னும் திறக்கிறதா என்று பார்க்க யார் இருப்பார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் அப்போது எங்கே இருப்பேனோ. பேராசிரியர் ஓய்வு பெற்றிருப்பார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. எங்கள் சமூகத்தைப் பற்றி இங்கே நடந்த ஒரு பழைய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தின் இணையத்தளத்தை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பார்த்திருக்கிறேன். அழகான தளம். படங்கள், குரல்கள், வரைபடம். நிதி முடிந்து சில வருடங்களில் ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் அது காணாமல் போய்விட்டது. குரல் கொடுத்தவர்களில் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடமும் பிரதி இல்லை. தமிழரும் நூலகமும் என்றாலே எல்லோரும் 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் இருந்துதான் தொடங்குவார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள். அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் நெருப்பு வைக்க யாரும் வராமலே, ஒரு கட்டணச் சீட்டு தவறியதால் அழிகிறவையும் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் நினைவுநாள் வைப்பதில்லை.

இப்போது கொஞ்சம் சட்டதிட்டம். சலிப்பாக இருந்தாலும் வாசியுங்கள், இது உங்களுக்கு உதவும். அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 ஜனவரியில் இருந்து ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் தரவு மேலாண்மைத் திட்டம் ஒன்றைக் கேட்கிறது. அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற தேசிய சுகாதார நிறுவனங்கள் 2023 ஜனவரி 25ல் இருந்து தரவை எப்படிப் பேணுவீர்கள், எப்படிப் பகிர்வீர்கள் என்று எழுதச் சொல்கின்றன. அதற்கான செலவை வரவுசெலவில் கேட்கவும் இடம் கொடுக்கின்றன. கனடாவில் சுகாதாரம், அறிவியல், சமூகவியல் என்று மூன்று கூட்டாட்சி நிதி அமைப்புகளும் சேர்ந்து 2021 மார்ச்சில் ஒரு தரவுக் கொள்கையை வெளியிட்டன. அதன்படி சில நிதிப் போட்டிகளில் இந்தத் திட்டத்தை விண்ணப்பத்தோடேயே கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் தங்கள் உத்தியை 2023 மார்ச் 1க்குள் வெளியிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

கனடாவில் இதற்கான கருவிகளைக் கட்டியெழுப்பியதில் நூலகர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கனடிய ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் 2015ல் 'போர்ட்டேஜ்' என்ற வலையமைப்பைத் தொடங்கியது. தரவுத் திட்டத்தைக் கேள்வி கேள்வியாகக் கேட்டு எழுத வைக்கிற 'டிஎம்பி அசிஸ்டன்ட்' என்ற இலவசக் கருவி பரவியது அந்த வழியில்தான். நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் தரவை வைக்கிற 'பொரியாலிஸ்' களஞ்சியம் ரொறன்ரோ பல்கலைக்கழக நூலகங்களில் இருந்து இயங்குகிறது. ஆக, தரவு பற்றி நிதி அமைப்பு கேட்கிற கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் உங்கள் வளாகத்திலேயே, நீங்கள் கோப்பி குடிக்கிற இடத்துக்கு மேல்மாடியில் இருக்கிறார். அவரிடம் கேட்காமல் இரவிரவாக இணையத்தில் தேடி எழுதுவது, வீட்டில் மருத்துவர் இருக்கக் கூகிளில் காய்ச்சலுக்கு மருந்து தேடுவது போல.

நூலகரின் மூன்றாவது கேள்விதான் என்னைத் தடுமாற வைத்தது. ஒப்புதல் படிவத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். அறநெறிக் குழுவுக்குக் கொடுக்கிற வழக்கமான மாதிரிப் படிவம். அதில், "ஆராய்ச்சி முடிந்து ஐந்து வருடத்தின் பின் எல்லாப் பதிவுகளும் அழிக்கப்படும்" என்று இருந்தது. விண்ணப்பத்தின் ஒரு பக்கத்தில் என்றென்றும் பாதுகாப்போம் என்கிறோம். படிவத்தில் அழிப்போம் என்று குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கப் போகிறோம். அந்த மாதிரிப் படிவம் கேள்விக்கொத்து ஆராய்ச்சிகளுக்காக எழுதப்பட்டது. அங்கே அழிப்பதுதான் நியாயம். கசெற்றுக்கு அது பொருந்தாது. நாற்பது குடும்பம் கையெழுத்து வைத்த பிறகு இது தெரிய வந்திருந்தால் நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போயிருக்க வேண்டும்.

அதோடு விடவில்லை. கசெற்றில் பேசுகிறவரின் ஒப்புதலா, கசெற்றை வைத்திருக்கிறவரின் ஒப்புதலா? ஒரு கசெற்றில் எட்டுப் பேர் பேசுவார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி ஒரு கதை வரும். யாருடைய மகன் எந்த இயக்கத்துக்குப் போனான் என்று வரும். 1987ல் ஓர் அம்மா நம்பிக்கையோடு தன் தங்கைக்குச் சொன்னது அது, உலகத்துக்குச் சொன்னது அல்ல. அந்த ஆட்கள் சிலர் இன்றைக்கும் ஊரில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் இணையத்தில் திறந்து போடுவது தாராளம் இல்லை, பொறுப்பின்மை. இந்த மண்ணின் முதற்குடிகள் இதைப் பற்றி நீண்ட காலமாகப் பேசி வருகிறார்கள். தங்கள் சமூகத் தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகும் உரிமை, கைவசம் வைத்திருக்கும் உரிமை ஆகிய நான்கும் தங்களுடையவை என்ற கொள்கையை 1998ல் வகுத்தார்கள். நூலகர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். பிறகு கசெற்றுகளுக்கு மூன்று படிகள் போட்டோம்: எல்லோரும் கேட்கலாம், நூலகத்துக்கு வந்து அனுமதியோடு கேட்கலாம், ஒரு குறிப்பிட்ட காலம்வரை யாரும் கேட்கக்கூடாது. எந்தப் படி என்று குடும்பம் சொல்லும். பிறகு மனம் மாறினால் மாற்றலாம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. விவரப்பட்டியலில் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது? வல்வெட்டித்துறையை ஆங்கிலத்தில் எங்கள் ஆட்கள் நாலைந்து விதமாக எழுதுகிறார்கள். கதைக்கும்போது மூன்று எழுத்தாகச் சுருக்கிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தின் ழகரத்தை நூலகங்கள் அடியில் கோடு போட்ட 'எல்' எழுத்தால் குறிக்கின்றன. எந்த அம்மம்மாவும் அப்படித் தேடப்போவதில்லை. ஆட்பெயர்களோ இன்னும் சிக்கல். எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னால். அதனால் ஒரே வீட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் 'கடைசிப் பெயர்' வேறு. இதையெல்லாம் தமிழ் எழுத்திலும் சேர்த்தே பதிய வேண்டும், அதைச் செய்யத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆளின் நேரமும் செலவில் வர வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதழுது போனது எனக்குச் சம்பளமாகத் திரும்பி வந்த ஒரே தருணம் அது.

சம்பளம் என்றதும் உண்மையான சண்டைக்கு வருகிறேன். தாளோடு திரும்பி வந்து பேராசிரியரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நூலகம் எங்களுக்குச் சேவை செய்யத்தானே இருக்கிறது? அதற்கு ஏன் தனியாகக் காசு?" என்றார். இது அவர் மட்டும் நினைப்பதில்லை. பாதி உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு கூட்டாட்சி நிதியோடும் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மறைமுகச் செலவில் நூலகத்துக்கான ஒரு கூறும் உண்டு. கனடாவில் அதற்கென்று ஆராய்ச்சி ஆதரவு நிதி என்று தனியாக ஒன்று இருக்கிறது. நூல்கள், சஞ்சிகைச் சந்தா, கட்டடம், விளக்கு இவையெல்லாம் அதற்குள் அடங்கும். ஒரு நூலகரோடு ஒரு மணித்தியாலம் பேசுவதும் அடங்கும். ஆனால் ஒரே திட்டத்துக்காக 540 மணித்தியாலம்? அது பொதுச் சேவை இல்லை. நீங்கள் அழைத்த விருந்துக்குப் பக்கத்து வீட்டு ஆள் மூன்று நாள் நின்று சமைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மாதிரி.

அவருடைய அடுத்த கேள்வி கூர்மையானது. "சரி, அந்தக் காசு எங்கேயிருந்து வரும்? உதவியாளர் சம்பளத்தில் இருந்துதான்." என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மொத்தத் தொகைக்கு மேல் எல்லை இருக்கிறது. ஒலித் தொழில்நுட்பவியலாளருக்கு ஒரு மணித்தியாலம் எழுதினால் எனக்கு ஒரு மணித்தியாலம் குறையும். எனக்கு வீட்டு வாடகை இருக்கிறது. நூலகம் முக்கியம் என்று எழுதுவது சுகம், உங்கள் பையில் இருந்து எடுக்காதவரை.

மூன்று வாரம் இழுபட்டது. கடைசியில் நூலகர்தான் வழி சொன்னார். அவருடைய சொந்த ஆலோசனை நேரத்தை நூலகம் பொருள்வகைப் பங்களிப்பாகக் கொடுக்கும். அதற்கு நூலக இயக்குநர் ஆதரவுக் கடிதம் எழுதுவார், கடிதத்தில் மணித்தியாலக் கணக்கு இருக்கும். தொழில்நுட்பவியலாளர் கடினமான கசெற்றுகளை மட்டும் செய்வார், அந்த நேரம் நிதியில் இருந்து வரும். மிச்சத்தை ஓட்ட மாணவர்களான எங்களைப் பழக்குவார்கள். ஆகவே என் மணித்தியாலங்கள் போகவில்லை, வேலைதான் மாறியது. நூலகரின் பெயர் விண்ணப்பத்தில் கூட்டாளி என்று ஏறியது. 'பாதுகாக்கப்படும்' என்ற செயப்பாட்டு வினை போய், யார், எப்போது, எதை, எத்தனை பிரதி என்று ஒன்றேகால் பக்கம் வந்தது. தமிழில் இந்தச் செயப்பாட்டு வினை மிகவும் வசதியானது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. யார் செய்வார் என்று சொல்லாமலே ஒரு வேலையை முடித்துவிடலாம்.

இதெல்லாம் மனிதவியல் காரருக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். தாதியியல் முனைவர் படிப்பில் இருக்கிற என் மச்சாளின் திட்டத்தில் முதல் வேலையே ஒரு முறைசார் மீளாய்வு. அதாவது ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, சலித்துப் பார்ப்பது. தேடல் தவறினால் மேலே கட்டியதெல்லாம் தவறு. 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வு, பொது மருத்துவ மீளாய்வுகளில் நூலகர் கூட்டாசிரியராக இருந்தவற்றில் தேடல் முறை மேலான தரத்தில் பதிவாகியிருந்தது என்று கண்டது. மச்சாளின் குழு விண்ணப்பத்திலேயே நூலகரைச் சேர்த்துவிட்டது. தேடலை அமைக்கவே பல வாரம் எடுத்ததாம். "நான் ஒரு நாளில முடிப்பன் எண்டு நினைச்சன்" என்று சிரிக்கிறாள்.

தமிழுக்கு வந்தால், நூலகரும் நிதியும் சேர்ந்த கதைகள் நாங்கள் நினைப்பதைவிட அதிகம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் சஞ்சிகைகளும் அழைப்பிதழ்களும் 1992ல் அவர் இறந்தபின் சிதறிப்போகும் நிலையில் இருந்தன. 1994ல் சிக்காகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக வைத்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் தெற்காசியப் பிரிவில் இருந்த ஜேம்ஸ் நை. அதற்கும் முன்னால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்வளவு தமிழ்ப் புத்தகம் எப்படி வந்தது தெரியுமா? கோதுமை. அமெரிக்கா இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு இந்தியா ரூபாயாகவே பணம் கட்டியது. அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962ல் இருந்து அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. யாரோ ஒரு நூலகர் அந்த வரியைச் செலவுத் திட்டத்தில் எழுதியிருக்கிறார். நான் முதல் வருடத்தில் படித்த பழைய பதிப்பு ஒன்று, ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு நூலகக் கடனில் வந்தது.

லண்டனில் பிரித்தானிய நூலகம் 2004ல் இருந்து அழியும் ஆவணங்களுக்கான திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஆர்க்காடியா என்ற அறக்கட்டளையின் பணம். அதில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்ரூடியோக்களின் பழைய குடும்பப் படங்களை எண்ணிமமாக்கியது. அந்தத் திட்டத்தின் விதி ஒன்று எனக்குப் பிடிக்கும்: மூலம் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, பிரதி மட்டும்தான் போகலாம். 2023 ஒக்ரோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டுப் பல மாதங்கள் அதன் இணையச் சேவைகள் முடங்கியபோது, ஊரிலும் பிரதி வைத்திருப்பது ஏன் நல்லது என்று எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் மூன்று பிரதிகளில் ஒன்று குடும்பத்தின் கையில் என்று நாங்கள் எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் இணையத்தில் வைத்திருக்கிறது. அதைப் பார்க்கும்போது பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் கோபமாகவும் வரும். நித்திரை முழித்து அதைச் செய்தவர்களின் மணித்தியாலங்களை எந்த விண்ணப்பமும் எண்ணவில்லையே என்று.

எங்கள் விண்ணப்பம் முதல் வருடம் கிடைக்கவில்லை. இரண்டாவது வருடம் வேறொரு சிறிய நிதியில் கிடைத்தது, கேட்டதில் ஏறத்தாழ பாதி. எதை வெட்டுவது என்று மறுபடி மேசையைச் சுற்றி இருந்தோம். இந்த முறை பேராசிரியர்தான் முதலில் சொன்னார்: நூலகப் பகுதியில் கை வைக்க வேண்டாம், கசெற் எண்ணிக்கையைக் குறைப்போம், வெளிநாட்டு மாநாட்டையும் விடுவோம். 180 என்பது 90 ஆனது. எந்தத் தொண்ணூறு என்று தெரிவு செய்தது இந்தத் திட்டத்தில் நான் செய்த மிகவும் பிடிக்காத வேலை. நாடாவின் நிலை மோசமானவற்றுக்கு முதலிடம் என்று ஒரு விதி வைத்தோம். நியாயமான விதிதான். ஆனால் ஒரு மாமா தன் கசெற்றுகளைப் பட்டுத்துணியில் சுற்றி, குளிர்ச்சியான அலுமாரியில், முப்பது வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவை நல்ல நிலையில் இருந்ததால் பட்டியலில் வரவில்லை. "கவனமா வைச்சதுதான் பிழையா, பிள்ளை?" என்று கேட்டார். எனக்கு இன்னும் பதில் தெரியாது. அடுத்த நிதி கிடைத்தால் அவருடையதுதான் முதல் என்று நூலகர் எழுத்தில் கொடுத்திருக்கிறார்.

நீங்கள் ஒரு விண்ணப்பத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு நடைமுறை: கடைசித் திகதிக்கு ஆறு, எட்டு வாரம் முன்னரே உங்கள் துறைக்குரிய நூலகருக்கு மின்னஞ்சல் போடுங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் ஒவ்வொரு துறைக்கும் யார் என்று பெயர் இருக்கும். கடைசி வாரம் போனால் அவரால் ஒரு நல்ல வசனம்தான் தர முடியும், மணித்தியாலம் தர முடியாது. ஆதரவுக் கடிதம் என்றால் மேலிடத்தின் கையெழுத்து வேண்டும், அதற்கும் நாள் எடுக்கும். போகும்போது உங்கள் ஒப்புதல் படிவத்தையும் கொண்டு போங்கள்.

இதுவரை 41 கசெற் முடிந்திருக்கிறது. வியாழன், வெள்ளி பின்னேரங்களில் எனக்கு முறை. போன மாதம் கருவியின் இறப்பர்ப் பட்டி அறுந்து இரண்டு வாரம் நின்றது; செலவுத் திட்டத்தில் உதிரிப் பாகம் என்று நூலகர் எழுதி வைத்த சின்னத் தொகை அதற்குத்தான் போனது.

பதினொரு கசெற் தந்த ஓர் அன்ரி இருக்கிறா. படிவத்தில் கையெழுத்து வைக்கும்போது ஆறாவதைத் தனியாக எடுத்துக் காட்டி, "இதை நான் இருக்குமட்டும் ஒருத்தரும் கேக்கக் கூடாது. ஆனா அழியவும் கூடாது" என்றா. கேட்காமல் எப்படிப் பதிவது என்று நான் முழித்தேன். நூலகர் அதைப் படிவத்தில் அப்படியே எழுதிக்கொண்டார். போன வெள்ளிக்கிழமை அந்தக் கசெற்றின் முறை வந்தது. தொழில்நுட்பவியலாளர் ஒலிபெருக்கியை நிறுத்தி, காதுக்கருவியையும் கழற்றி மேசையில் வைத்தார். ஒலி மட்டத்தைக் காட்டுகிற பச்சைக் கோடு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு இருவரும் இருந்தோம். ஒரு பக்கம் முடிய நாற்பத்தைந்து நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் கோடு நீண்ட நேரம் அசையாமல் நின்றது. நாடா அறுந்துவிட்டதோ என்று அவர் எட்டிப் பார்த்தார். இல்லை, கசெற் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.